ஒடுங்கிய தடித்த எழுத்துரு: விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் நாடகக் குழுவின் சுவரொட்டி, இணையதளத் தலைப்பு, நிகழ்ச்சிக் கையேடு மூன்றுக்கும் ஒரே எழுத்துரு வாங்க நினைக்கிறோம். தமிழும் ஆங்கிலமும் வரும். தடித்து, ஒடுங்கி, உயரமாக நிற்கும் வகைதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதா, இலவசமே போதுமா? கணினியில் இருக்கும் சாதாரண எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். சரியா?

பதில்: நெருக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். வட்டமான ஓர் எழுத்தை அப்படி நெருக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்துபோகும்; மேல் வளைவும் கீழ் வளைவும் பழைய தடிமனிலேயே இருக்கும். எழுத்து நோஞ்சானாகிவிடும். ஒடுங்கிய எழுத்துருவை வரைபவர் நிற்கும் கோட்டின் கனத்தைக் குறைக்காமல், வட்டத்தின் பக்கங்களை நேராக்கி, உள்ளே மிஞ்சும் வெள்ளையையும் எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெள்ளையையும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைக்கிறார். தூரத்திலிருந்து சொல் ஒரே கட்டாகத் தெரிவது அதனால்தான்.

ஆங்கிலத்துக்கு இப்போதைக்குச் செலவு தேவையில்லை. பெபாஸ் நியூ, ஆன்டன், ஆஸ்வால்ட், லீக் காதிக் நான்கும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. பெபாஸ் நியூவில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு என்பதை மறக்க வேண்டாம். 1965-ல் ஜெஃப்ரி லீ வடிவமைத்த இம்பாக்ட் என்ற எழுத்துரு விண்டோஸ் கணினியிலேயே இருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பொதுவாக அது இருக்காது. உங்கள் இணையதளத் தலைப்பு அங்கே வேறொரு எழுத்தில்தான் தெரியும்.

தமிழில்தான் கவனம் வேண்டும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றில் கோடுகள் அதிகம். தடிமனைக் கூட்டி அகலத்தைக் குறைத்தால் உள்வெளி அடைபட்டுக் கருந்திட்டாகிவிடும். வரி நெருக்கத்திலும் சிக்கல் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வரிக்கு வரி ஒட்டி அடுக்கலாம். தமிழில் மேல் வரியின் ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ் வரியின் புள்ளியும் ‘கி’யின் கொக்கியும் மேலே ஏறும், இரண்டும் மோதும். அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் அகலத்தையும் தடிமனையும் தனித்தனியே மாற்றலாம். இரண்டும் இலவசம். என் தேர்வு அனேக்; அதே குடும்பத்தில் ஆங்கில எழுத்தும் இருப்பதால் இருமொழித் தலைப்பு ஒரே கையில் எழுதியதுபோல் அமையும். உங்கள் நாடகப் பெயர்களிலேயே மிக நீளமானதை ஒடுங்கிய அகலத்தில், உண்மை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ‘ணை’ அடைபட்டால் தடிமனை ஒரு படி குறையுங்கள்.

கையேட்டின் உள் பத்திகளுக்கு இந்த வகை கூடவே கூடாது. சிறிய அளவில் பத்து வரி படிப்பதற்குள் கண் களைத்துவிடும். அங்கே அதே குடும்பத்தின் சாதாரண அகலத்தை வையுங்கள்.

பிறகு கட்டண எழுத்துரு ஒன்று மனத்தைப் பிடித்துக்கொண்டால், முழுக் குடும்பத்தையும் வாங்காமல் தேவையான ஒரே தடிமனை வாங்குங்கள். கணினி உரிமம் வேறு, இணைய உரிமம் வேறு. முன்னது பெரும்பாலும் எத்தனை கணினி என்பதைப் பொறுத்தது. பின்னதற்கு இணையதளம் மாதம் எத்தனை முறை பார்க்கப்படுகிறது என்ற கணக்கு இருக்கலாம். வடிவமைப்பாளர் தம் பெயரில் வாங்கிய உரிமம் உங்கள் குழுவுக்கும் செல்லுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.