குவாதலூப் கடற்கரைகள்: கேள்வி பதில்

கரீபியப் பகுதியிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் கடற்கரைகளைப் பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும், அத்தீவை நன்கறிந்த உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்களும்.

கேள்வி: ஐயா, ஒரே தீவில் வெண்மணலும் கருமணலும் இருப்பது எப்படி?

பதில்: ஒரே தீவு என்று நாம் சொன்னாலும், குறுகிய கடற்கால்வாய் ஒன்றால் பிரிக்கப்பட்ட இரு நிலங்கள் அவை. கிழக்கிலுள்ள கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல்லால் ஆன தாழ்நிலம் என்பதால், அதன் தென்கரையிலுள்ள சாந்த்-ஆன் போன்ற ஊர்களில் பவளமும் சிப்பியும் பொடியாகி வெண்மணலாகக் கிடக்கின்றன. மேற்கிலுள்ள பாஸ்-தேர், 1,467 மீட்டர் உயரமுள்ள சுஃப்ரியேர் எரிமலையைத் தாங்கி நிற்கும் மலைநிலம். அங்கே த்ருவா-ரிவியேர் ஊரின் கடற்கரையில் மணல் கருமையாகவே இருக்கும். வெண்மணலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தீவின் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சிறு குழந்தைகளுடன் வருகிறோம். எங்கே குளிக்கலாம்?

பதில்: சாந்த்-ஆன் ஊர்க் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள் அம்மா. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் நீர் ஆழமின்றி அமைதியாக இருக்கும். தீவின் கிழக்கு முனையான புவாந்த் தே ஷாத்தோவின் பாறைகளைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் அங்கே அலையும் நீரோட்டமும் கடுமையானவை என்பதால் குழந்தைகளை நீரில் இறக்காதீர்கள்.

கேள்வி: கரையில் பழுப்புப் பாசி குவிந்து நாற்றமடிக்கிறது என்கிறார்களே, பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டியதில்லை, கரையை மாற்றினால் பெரும்பாலும் போதும். சர்காசும் என்னும் அந்த மிதக்கும் பாசி 2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கிலிருந்து பெருமளவில் வந்து ஒதுங்குகிறது. காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்கு, தெற்குக் கரைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. மலையின் மறைவிலுள்ள பாஸ்-தேரின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அழுகும் பாசியிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறுவதால், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குவியல்களின் அருகே போகவே கூடாது. அத்தகைய நாட்களில் தேயே ஊரின் கிராந்த் ஆன்ஸுக்குச் செல்லுங்கள். பின்னால் பச்சைக் குன்றுகள் சூழ, பொன்னிற மணல் நீண்டு கிடக்கும் அந்தக் கரையைத் தீவிலேயே மிக அழகானது என்பேன். குளிர்கால மாதங்களில் வடக்கிலிருந்து பேரலை வரும் நாட்களில் மட்டும் அங்கே கடலில் இறங்க வேண்டாம்.

கேள்வி: கரையோர மரங்களில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பது ஏன்?

பதில்: அது மான்சினியே மரம். சிறிய பச்சை ஆப்பிள் போன்ற அதன் கனியைத் தின்றால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கிவிடும். மண்ணரிப்பைத் தடுப்பதால்தான் அதை வெட்டாமல் அடையாளமிட்டு வைக்கிறார்கள். எல்லா மரங்களிலும் அடையாளம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: கடலாமைகளைப் பார்க்க முடியுமா?

பதில்: மலாந்தூர் கடற்கரைக்குச் செல்லுங்கள். அங்குள்ள விரிகுடாவில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய வருகின்றன. முகமூடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் போதும். எதிரே தெரியும் பிழோன் திட்டுகளைச் சுற்றியுள்ள கடல், தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் உள்ளது. ஆமையைத் தொடாமலும், அது மூச்செடுக்க மேலே வரும் வழியை மறிக்காமலும் சில மீட்டர் தள்ளியே நீந்துங்கள். முட்டையிடும் பருவத்தில் இரவில் கரைக்குப் போனால் கைவிளக்கை ஏற்றாதீர்கள். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலின் திசையைத் தவறவிடும்.

கேள்வி: அங்கே தமிழர் சுவடு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மாரியம்மனை வணங்குகிறார்கள். த்ருவா-ரிவியேர் கருமணல் கரைக்குச் செல்லும் வழியில், கபேஸ்தேர் ஊரின் ஷாஞ்ஜி கோயிலைச் சாலையோரத்திலேயே காணலாம்.

கேள்வி: எப்போது வரலாம்? ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதுமா?

பதில்: டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பிரான்சின் பகுதியாக இருந்தாலும் குவாதலூப் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே இத்தீவுக்குரிய விசாவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.