வாசகர் கேள்வி-பதில்: ஜீரோ-டர்ன் மோவர் வாங்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஏக்கர் கணக்கில் மனை வாங்கியிருக்கும் வாசகர்கள் பலர், புல்வெட்டும் இயந்திரம் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் ஜீரோ-டர்ன் மோவரை, அதாவது உட்கார்ந்து, பெரும்பாலும் இரு கைப்பிடிகளால் ஓட்டி, நின்ற இடத்திலேயே திருப்பக்கூடிய புல்வெட்டியைப் பற்றியவை. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: எங்கள் மனை இரண்டரை ஏக்கர், பெர்முடா புல். இப்போதுள்ள 42 அங்குல லான் டிராக்டரில் வெட்டினால் சனிக்கிழமை காலை முழுதும் போய்விடுகிறது. 60 அங்குல ஜீரோ-டர்ன் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பின்பக்கத் தோட்டத்துக்கு 4 அடி கேட் வழியாகத்தான் போக வேண்டும். எது சரி?
— வாசகர், கம்மிங், ஜார்ஜியா

பதில்: முதலில் டேப் எடுத்து அந்த கேட்டை அளந்துவிடுங்கள். 4 அடி என்பது 48 அங்குலம். கீலும் தாழ்ப்பாளும் போக, உள்ளே நுழையக் கிடைக்கும் வழி இன்னும் ஓர் அங்குலமோ இரண்டோ குறையும். மோவரில் ஒட்டியிருக்கும் 42, 48, 60 எல்லாம் பிளேடு வெட்டும் அகலம் மட்டுமே. இயந்திரத்தின் மொத்த அகலம் அதைவிட அதிகம். 42 அங்குல டெக்கில் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டில்) கூட, புல்லை வெளியே தள்ளும் பக்கத்து மடல் இறங்கியிருந்தால் மொத்தம் 53, 54 அங்குலம் வரும். மடலைத் தூக்கினால் 44 அங்குலம் அளவில் நிற்கும். ஆகவே உங்கள் கேட்டில் 48 அங்குல டெக் நுழையவே நுழையாது, 42 மட்டும் மடலைத் தூக்கியபடி நுழையும். அப்படி நுழையும்போது பிளேடு நின்றிருக்க வேண்டும். மடல் மேலே இருக்கையில் பிளேடு சுற்றினால் கல் தோட்டா போலப் பறக்கும்.

மாடலுக்கு மாடல் இந்த அளவு ஓரிரு அங்குலம் மாறும் என்பதால், விவரப் பட்டியலில் ‘மொத்த அகலம்’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஆனால் கேட்டுக்காக மட்டும் சின்ன மோவர் வாங்காதீர்கள். ஒரு வேலித்தூணைத் தள்ளி நட்டு இரட்டைக் கதவு போடுவது ஒரு தடவைச் செலவு. மோவரோடு பத்து வருடம் காலம் தள்ள வேண்டும்.

அடுத்து, உண்மையில் வெட்ட வேண்டிய புல் எவ்வளவு? வீடு, கார் பாதை, மரக்கூட்டம் எல்லாம் கழித்தால் இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் 2 ஏக்கருக்குள்தான் மிஞ்சும். செயற்கைக்கோள் வரைபடத்தில் பரப்பளவு அளக்கும் வசதியைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 43,560 சதுர அடி ஒரு ஏக்கர்.

நேரத்துக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வேகத்தை (மணிக்கு மைல்) டெக் அகலத்தால் (அங்குலம்) பெருக்கி 99-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று கிடைக்கும். ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை ஏறுவது, திரும்புவது இவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு கழியுங்கள். விளம்பரத்தில் 7, 8 மைல் வேகம் என்று போட்டிருப்பார்கள். புல் சீராக வெட்டுப்பட 4 முதல் 5 மைல்தான் சரி. அதற்கு மேல் போனால் பிளேடு வெட்டுவதற்குள் டெக் கடந்துவிடும், நட்டநட்டப் புல் நிற்கும். 5 மைல் வேகத்தில் 2 ஏக்கருக்கு 42 அங்குலம் சுமார் 70 நிமிடம், 52 அங்குலம் 57 நிமிடம், 60 அங்குலம் 50 நிமிடம் பிடிக்கும். 52-க்கும் 60-க்கும் ஏழே நிமிட வித்தியாசம். டிராக்டரை விட்டு ஜீரோ-டர்னுக்கு வரும்போது மிச்சமாவது பெரும்பாலும் திரும்பும் நேரம்: மரத்தைச் சுற்றி வெட்டாமல் விட்ட வட்டத்துக்காகப் பின்னால் எடுத்து முன்னால் போகும் வேலை இருக்காது.

இதற்கு மேல் பெர்முடாவின் குணம் ஒன்று உண்டு. அதை ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் தாழ்வாக வெட்டுகிறோம். நிலம் மேடு பள்ளமாக இருந்தால், டெக் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு மேட்டைச் சுரண்டி மண் தெரியும்படி வெட்டிவிடும். டெக்குக்கு அடியில் இதைத் தடுக்கச் சிறு சக்கரங்கள் இருக்கும். அவை எப்போதும் தரையில் உருளக் கூடாது, அரை முதல் முக்கால் அங்குலம் மேலே நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு 52 அல்லது 54 அங்குலம், கூடவே அகலமான கேட். 60 வேண்டாம்.

கேள்வி: இரண்டும் 52 அங்குலம், இரண்டிலும் 23, 24 குதிரைத்திறன். ஒன்று 4,000 டாலர் சொச்சம், மற்றது 7,000. எதற்காக அந்த 3,000?
— வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: சீட்டுக்கு அடியில் இருப்பதற்காக. குதிரைத்திறனை மறந்துவிடுங்கள், 52 அங்குலத்துக்கு 22 முதல் 24 தாராளம். கடையில் குனிந்து பார்க்க வேண்டியவை டிரான்ஸ்ஆக்சிலும் டெக் தகடும்.

ஜீரோ-டர்னில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்ஆக்சில், அதாவது ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி, இருக்கிறது. ஓட்டுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் இவை இரண்டும்தான். பழுதானால் மிக அதிகச் செலவு வைப்பதும் இவையே. பல பிராண்டுகளில் ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் டிரான்ஸ்ஆக்சில்தான் இருக்கும். அதில் இசட்டி-2200 தொடக்கநிலை: சமதளத்தில் ஓர் ஏக்கர் வெட்டுபவருக்குப் போதும், ஆனால் ஆயில் மாற்றிப் பராமரிக்கும் விதத்தில் செய்யப்பட்டதல்ல. இசட்டி-2800, 3100, 3400 என்று எண் ஏற ஏறத் தாங்கும் சுமையும் ஏறும். ஃபில்டரும் ஆயிலும் மாற்றலாம். 2 ஏக்கருக்கு மேலோ, ஏற்ற இறக்கம் உள்ள இடத்திலோ 2800-க்குக் கீழே போகாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சின்ன டிரான்ஸ்ஆக்சில் எப்படிச் சாகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். ஏற்றத்தில் தொடர்ந்து இழுக்கும்போது ஆயில் சூடாகி இளகுகிறது. இளகிய ஆயில் உள்ளே இடைவெளிகளில் கசிந்து அழுத்தம் குறைகிறது. முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடும், பிறகு ஒரு பக்கம் பின்தங்கும். அப்படி வந்தவுடன் டிரான்ஸ்ஆக்சில் போய்விட்டது என்று முடிவு கட்டாமல், இரு பின்டயரிலும் காற்று ஒரே அளவா, பெல்ட் வழுக்குகிறதா, டிரான்ஸ்ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சிறு விசிறியின் இறக்கை உடைந்திருக்கிறதா, அதைச் சுற்றிக் காய்ந்த புல் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். 3100, 3400 வகையில் முதல் ஆயில் மாற்றம் 75 மணி நேர ஓட்டத்தில், அடுத்தது 400 மணி நேரத்துக்கு ஒருமுறை. மாற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பைபாஸ் லீவரை (சக்கரங்களை இயக்கத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோலை) திறந்து, எஞ்சினை ஓட விட்டு, கைப்பிடிகளை மெதுவாக முன்னும் பின்னும் ஐந்தாறு முறை அசைக்க வேண்டும். பைபாஸை மூடி அதையே மறுபடி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் மோவர் முனகிக்கொண்டே இழுக்காமல் நிற்கும்.

தகட்டைப் பொறுத்தவரை, கேஜ் எண் சிறியதென்றால் தகடு தடிமன். 13 கேஜ் 2.3 மில்லிமீட்டர், 11 கேஜ் 3 மில்லிமீட்டர், 7 கேஜ் 4.5 மில்லிமீட்டர். ஒரே தகட்டை அச்சில் அழுத்திச் செய்த டெக் மெலிதாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தமான புல்தரையில் அழகாகவே வெட்டும். வேரும் கல்லும் இருக்கும் இடத்தில் அது நெளியும். அங்கே 10 அல்லது 11 கேஜில் வெல்டிங் செய்த டெக் வேண்டும். 7 கேஜ் தொழில்முறைக்காரர்களுக்கு.

எஞ்சினில் ‘கவாசாகி’ என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். எஃப்ஆர் வரிசை வீட்டு உபயோகத்துக்கு, எஃப்எஸ், எஃப்எக்ஸ் தொழிலுக்கு. வருடத்துக்கு 40, 50 மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு எஃப்ஆர் போதும்: பத்து வருடத்தில் 500 மணி நேரம்தான் ஆகிறது. ஆகவே அந்த 3,000 டாலர் டிரான்ஸ்ஆக்சிலுக்கும் டெக்குக்கும் போகிறதென்றால் தாராளமாகக் கொடுங்கள். பெரிய எஞ்சினுக்கும் மெத்தை சீட்டுக்கும் போகிறதென்றால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுப் பின்புறம் குளத்தை நோக்கிச் சரிகிறது. ஜீரோ-டர்ன் ஓட்டலாமா?
— வாசகர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: அளந்து பார்க்காமல் ஓட்டக் கூடாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 15 டிகிரியை உச்ச வரம்பாக வைக்கிறார்கள், சிலர் 10 என்கிறார்கள். 4 அடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்துப் பலகையை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே எட்டரை அங்குலம் என்றால் 10 டிகிரி, 13 அங்குலம் என்றால் 15 டிகிரி. சரிவில் மிகச் செங்குத்தான இடத்தில் அளக்க வேண்டும்.

முன்சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தானாகச் சுழல்பவை. அவற்றுக்குத் திருப்பும் சக்தி கிடையாது. ஈரப்புல்லில் ஒரு பின்சக்கரம் பிடிப்பை இழந்தால், ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். முன்பாகம் கீழ்நோக்கித் திரும்பி வண்டி சறுக்கும். சறுக்கத் தொடங்கினால் பிளேடை நிறுத்தி, திருப்ப முயலாமல், நேராக மெதுவாகக் கீழே இறங்குங்கள். சரிவில் குறுக்கே போவதை விட மேலும் கீழுமாக வெட்டுவது நல்லது.

குளக்கரை, தடுப்புச்சுவர் விளிம்பு, ஓடை ஓரம் ஆகியவற்றில் மோவர் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தைத் தொடவே வேண்டாம். அந்தப் பட்டையை, நைலான் கயிறு சுழன்று வெட்டும் ஸ்ட்ரிங் டிரிம்மரால் வெட்டுங்கள், அல்லது புல்லை வளர விட்டுவிடுங்கள். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு) உள்ள மாடலாக வாங்குங்கள். அது நிமிர்ந்திருக்கையில் சீட் பெல்ட் கட்டாயம், மடக்கியிருக்கையில் பெல்ட் போடக் கூடாது. முன்சக்கரமும் சேர்ந்து திரும்பும் ஸ்டியரிங் வகை ஜீரோ-டர்ன்களும் உண்டு, கப் கேடட் அப்படிச் செய்கிறது. சரிவு அதிகமுள்ள மனைக்கு அதையோ சாதாரண லான் டிராக்டரையோ பாருங்கள். அவற்றுக்கும் சரிவு வரம்பு உண்டு, கையேட்டில் இருக்கும்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம்தான். திரும்பும் இடமெல்லாம் புல் வட்டமாகப் பிய்ந்திருக்கிறது.
— வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்

பதில்: ஒரு சக்கரத்தை நிறுத்திவைத்து அதன் மேலேயே திரும்புகிறீர்கள். நின்ற டயர் வேரோடு புல்லைத் திருகிவிடும். வரிசை முடிவில் வேகத்தைக் குறைத்து, சற்றுப் பின்னால் எடுத்து, இரு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கும்படி மூன்று அசைவில் திரும்புங்கள். மழை பெய்த மறுநாள் வெட்டாதீர்கள். ஒவ்வொரு வாரமும் வரிசைத் திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் டயர்த்தடம் பள்ளமாகும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேரன் மடியில் உட்கார்ந்து வர ஆசைப்படுகிறான். பிளேடை நிறுத்திவிட்டு ஒரு சுற்று போகலாமா?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு தடவை ஏறிய குழந்தை, அடுத்த முறை மோவர் சத்தம் கேட்டதும் தானாக ஓடி வரும், பின்னால் எடுக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் புல் வெட்டும்போது வீட்டுக்குள் இருக்க வேண்டும், 16 வயது ஆகாதவர் உட்கார்ந்து ஓட்டும் மோவரை ஓட்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கேள்வி: பேட்டரியில் ஓடும் ஜீரோ-டர்ன் நம்பத் தகுந்ததா?
— வாசகர், பிளெயின்ஸ்பரோ, நியூ ஜெர்சி

பதில்: ஒன்றரை ஏக்கர் வரை, ஓரளவு சமதளம் என்றால் தாராளமாக. ஈகோ நிறுவனத்தின் 42 அங்குல மாடல் 56 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கில் ஓடுகிறது, மொத்தம் 2.24 கிலோவாட்-மணி, இன்னும் இரண்டு பேட்டரி செருக இடமுண்டு. 2 ஏக்கர் வரை என்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் தவறவிட்ட அடர்த்தியான புல்லில் அது வெகுவாகக் குறையும். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் வேலை எதுவும் இல்லை என்பது பெரிய நிம்மதி. பெட்ரோல் மோவர்களில் அடைக்கும் கார்புரேட்டரே பாதிக் கஷ்டம். அந்த மோவர்களில், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேலுள்ள பெட்ரோலை, அதாவது பங்க்கில் ‘88’ என்று விற்பதை, ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: 450 மணி நேரம் ஓடிய பழைய மோவர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்ப்பது?
— வாசகர், ராலே, வட கரோலினா

பதில்: நீங்கள் போகும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். பின் அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி, கையுறை போட்டு ஒவ்வொரு பிளேடு நுனியையும் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பிளேடு சுழலும் அச்சின் (ஸ்பிண்டில்) பேரிங் தேய்ந்திருக்கிறது. டெக்கின் அடிப்பக்கத்தில் துரு தகட்டைத் தின்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஆயில் ஈரம் இருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீல் போயிருக்கிறது. எல்லாம் சரியென்றால் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டி நன்றாகச் சூடேறிய பிறகு, சின்ன ஏற்றம் ஒன்றில் நேராக ஏறுங்கள். இரு கைப்பிடியையும் ஒரே அளவு தள்ளியும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர்க் காற்றைச் சரிபார்த்து மறுபடி ஏறுங்கள். அப்போதும் இழுத்தால் விலையில் ஒரு டிரான்ஸ்ஆக்சிலின் காசைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.