பொது இடத்தில் நல்ல சிக்னல் உள்ள திறந்த வைஃபையை லேப்டாப்பில் கண்டுபிடிப்பது எப்படி?

திறந்த வைஃபை என்றால் பாஸ்வேர்ட் கேட்காமல் இணைய விடுவது, அவ்வளவுதான். பட்டியலில் அதன் பெயர் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்காது. சிலது இணைந்த பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து போன் நம்பர் கேட்கும், அது வேறு கதை.

சிக்னலைக் கோடுகளை வைத்து மட்டும் கணிக்காதீர்கள், எண்ணாகப் பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே வைஃபை ஐகானைச் சொடுக்கினால், இணைந்திருக்கும் வைஃபைக்கு ஆர்எஸ்எஸ்ஐ என்று ஒரு மைனஸ் எண் வரும். -50 என்றால் அருமை, -65 பக்கம் இருந்தால் வீடியோ காலுக்கே போதும், -80ஐத் தாண்டினால் எழுந்து வேறு நாற்காலி பாருங்கள். இதில் பத்து எண் இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும், அதனால் -60க்கும் -70க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை.

ஏன் இறங்குகிறது? ரேடியோ அலை தூரம் போகப் போகப் பரவி மெலியும், அப்புறம் சுவர், உலோகம், ஏன், நடுவில் நிற்கும் ஆட்களின் உடம்பு கூட அதை விழுங்கும். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் தளரும், 2.4 தூரம் போகும், நெரிசலும் அங்கேதான். மேடையில் மைக் பிடித்தவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும், அங்கிருந்து நீங்கள் கத்துவது மேடைக்குக் கேட்காது இல்லையா? அதுபோலத்தான், லேப்டாப்பும் தன் சின்னக் குரலில் ரௌட்டருக்கு, அதாவது வைஃபை தரும் பெட்டிக்கு, திருப்பிப் பேசியாக வேண்டும்.

கோடு முழுதாக இருந்தால் நெட் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ரௌட்டர் வரைக்குமான பலம் மட்டுமே, அதற்குப் பின்னால் உள்ள இணைப்பை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்பது அதில் தெரியாது.