கொடோனாவின் இலக்கணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் கொடோனா என்ற மூவர் குழுவைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப்பிடித்து அவர்களுடைய மூன்று இசைத்தட்டுகளையும் கேட்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் வீணை கற்றவள் என்ற முறையில் எனக்கு மிஞ்சியது ஏமாற்றமே. சிதாரைக் கையில் வைத்திருப்பவர் ராகம் எதையும் வாசிக்கவில்லை. தாளம் எங்கே எடுப்பு, எங்கே முடிப்பு என்று பிடிபடவில்லை. மனோதர்மம் என்றால் அதற்கு ஓர் இலக்கணம் வேண்டாமா? ஜாஸ் என்கிறார்கள், நாட்டார் இசை என்கிறார்கள், சேம்பர் இசை என்றும் சொல்கிறார்கள். நாலு நாட்டு வாத்தியங்களை ஓர் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது இசையாகிவிடுமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபத்தில் ஒரு பாதி எனக்கும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சிதார். அதை வாசிக்கும் காலின் வால்காட் ரவி சங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபலாவும் பயின்றவர். ஆகவே அவர் ராகம் வாசிக்காததைத் தெரியாத்தனத்தின் கணக்கில் எழுத முடியாது. ராகத்தின் சஞ்சாரங்களை ஒதுக்கிவிட்டு, ஜவாரியில் (தந்திகள் உரசி அதிரும் தட்டையான குதிரையில்) நாதம் சிதறுவதையும், தரப் தந்திகள் எனப்படும் தாமாக அதிரும் துணைத்தந்திகள் பின்னால் இரைவதையுமே அவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார். வீணைக் கைக்கு இது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் முதலில் உறுத்தியது.

மற்ற இருவரில் டான் செரி, 1950களின் இறுதியில் ஆர்னெட் கோல்மன் குழுவில் டிரம்பெட் வாசித்து ஜாஸ் உலகை இரண்டாகப் பிரித்தவர்களில் ஒருவர். பின்னர் சுவீடனின் கிராமப்புறத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். நானா வாஸ்கொன்செலோஸ் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள ரெசிஃபே நகரத்துக்காரர். மூவரின் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து ஒட்டினால் குழுவின் பெயர் வந்துவிடும். 1978, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் பதிவான மூன்று தட்டுகளும் மியூனிக்கைச் சேர்ந்த இசிஎம் நிறுவனத்தின் வெளியீடுகள்.

ஜாஸில் மூவர் குழு என்றால் வழக்கமாக பியானோ, பேஸ், டிரம்ஸ். காலப்பிரமாணத்தை டிரம்ஸ் தாங்கும், அடித்தளத்தை பேஸ் தாங்கும், ஸ்வரக்கூட்டை பியானோ விரிக்கும். கொடோனாவில் இம்மூன்றும் இல்லை. நீங்கள் கேட்கும் இலக்கணம் இந்த இன்மையிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். நிரந்தரமாகத் தாங்குவதற்கு யாரும் இல்லாததால், ஒவ்வொரு நிமிடமும் மூவரில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டியிருக்கிறது; அவர் எப்போது அதைக் கீழே வைக்கப்போகிறார் என்பதை மற்ற இருவரும் காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நானாவின் பெரிம்பாவ் என்ற வாத்தியத்தைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான மரவில். அதில் ஒரே ஒரு எஃகுக் கம்பி, பல வேளைகளில் பழைய கார் டயரிலிருந்து உருவி எடுத்தது. வில்லின் கீழ்ப்பகுதியில் வாய் திறந்த ஒரு சுரைக்குடுக்கை கட்டப்பட்டிருக்கும். இடது கையின் சுண்டுவிரலில் வில்லின் எடை முழுவதும் தொங்க, அதே கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு கூழாங்கல்லையோ நாணயத்தையோ பிடித்திருக்கும். வலது கையில் மெல்லிய குச்சியும் விதைகள் நிரப்பிய சிறு கூடைக் கிலுக்கும். கல்லை அழுத்தினால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும், லேசாகத் தொட்டால் கம்பி கரகரக்கும். ஆக, இரண்டு ஸ்வரமும் ஒரு கரகரப்பும். மீதி எல்லாம் வயிற்றில் இருக்கிறது: சுரைக்குடுக்கையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மூடித் திறக்கிறார் வாசிப்பவர். கபோயிரா என்ற பிரேசிலின் தற்காப்புக்கலை ஆட்டத்தில் ஆடுபவர்களின் வேகத்தை நிர்ணயிப்பது இந்த வாத்தியமே.

செரி வாசிக்கும் தோன்சோ ங்கோனியும் இப்படிக் குறுகியதுதான். மாலி நாட்டு வேட்டைக்காரர்களின் யாழ் அது. தோல் போர்த்திய சுரைக்குடுக்கையில் ஆறே தந்திகள், ஐந்து ஸ்வரக் கட்டு. வால்காட் எடுக்கும் சன்சாவிலும் கட்டைவிரலால் தட்டும் சில இரும்பு நாக்குகளே உண்டு.

இவர்களால் ஒன்றாக உட்கார முடிந்ததற்குக் காரணமே இந்தக் குறுக்கம்தான் என்பது என் கணிப்பு. நிறைய ஸ்வரங்களைக் கொண்ட இரண்டு இசைமுறைகள் சந்தித்தால் யாருடைய விதி செல்லும் என்ற வழக்கு உடனே எழுந்துவிடும். நம் ஊர் ஃப்யூஷன் கச்சேரிகளில் ஆளுக்கு ஐந்து நிமிடம் வேகம் காட்டிவிட்டுக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு தீர்மானம் அடித்து முடிப்பது, அந்த வழக்கைத் தீர்க்கத் தெரியாததால் செய்துகொள்ளும் சமரசம் என்றே எனக்குத் தோன்றும். இரண்டே ஸ்வரம் உள்ள வாத்தியத்துக்கு அப்படி வழக்காட எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் சிதார் தன் ராகத்தை முழுதாக விரித்தால் பெரிம்பாவ் வெறும் பக்கவாத்தியமாகச் சுருங்கிவிடும். வால்காட் கையை இழுத்துக்கொள்வது அதனால்தான்.

சேம்பர் இசை என்ற சொல்லையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஐரோப்பாவில் அது, முன்கூட்டியே எழுதிவைத்ததைச் சிறு குழுவினர் வாசிக்கும் இசை என்பது உண்மையே. ஆனால் ஒரு பகுதிக்கு ஒருவர், கையசைத்து நடத்துபவர் யாரும் இல்லை, பக்கத்து நாற்காலியின் மூச்சைக் கேட்டே தொடங்கி முடிக்க வேண்டும் என்ற அதன் ஒழுங்கு எழுத்தை நம்பி இல்லை. கொடோனாவிடம் அந்த ஒழுங்கு இருக்கிறது.

இனி, உங்கள் கோபத்தில் எனக்கும் உண்டு என்றேனே, அந்தப் பாதி. இரண்டாவது தட்டுக்கு நான் அதிகம் திரும்புவதில்லை. அதில் சில இடங்களில் வாத்தியங்கள் சந்தைக் கடைப்பரப்பு மாதிரி வரிசையாக வந்து போகின்றன. மூன்றாவது தட்டின் முதல் உருப்படியான ‘கோஷாகாபுச்சி’ ஜப்பானிய மரபிசை. அதை இயற்றியவரின் இடத்தில் ‘மரபு’ என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்க்கும்போது, எந்த ஊர், யாருடைய கை என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை. உலகத்தின் நாட்டார் இசையெல்லாம் பொதுச்சொத்து என்று எடுத்துக்கொண்ட காலத்தின் மனநிலை அது. இசை அழகாக இருக்கிறது என்பதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

நாலாவது தட்டு வரவில்லை. 1984 நவம்பரில், தன் மற்றொரு குழுவான ஓரிகனுடன் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, கிழக்கு ஜெர்மனியின் மக்டபுர்க் அருகே நடந்த சாலை விபத்தில் வால்காட் இறந்தார். அப்போது அவருக்கு வயது 39.

மறுபடி கேட்க மனம் வந்தால், முதல் தட்டின் கடைசி உருப்படியான ‘நியூ லைட்’டிலிருந்து தொடங்குங்கள், பதின்மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல். தாளம் போடாமல் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிதாரை முதல் முறை விட்டுவிட்டு மற்ற இருவரையும் மட்டும் கேளுங்கள். அடுத்த முறை, அவர்களுக்கு வால்காட் எங்கெல்லாம் இடம் விடுகிறார் என்று பாருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள்.