ஏறினால் வழுக்குகிறது, தூக்கினால் கவிழ்கிறது

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான ‘ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்’ ரோபோ போட்டியில் 2015-16 பருவத்துக்கு வைத்திருந்த ‘ரெஸ்-க்யூ’ ஆட்டத்தின் மலைச் சரிவைப் பள்ளியில் அமைத்துப் பயிற்சி செய்கிறோம். பாதி ஏறியதும் ரோபோவின் சக்கரங்கள் வழுக்குகின்றன. மலையில் உள்ள பெட்டியில் கட்டையைப் போட்டுப் புள்ளி எடுக்க, ரோபோவின் கையை உயர்த்தினால் பின்பக்கமாகக் கவிழ்கிறது. எடையைக் கூட்டலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: எடையைக் கூட்ட வேண்டாம். சக்கரத்தைத் தளத்தோடு அழுத்தும் விசை எவ்வளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் ரோபோவைக் கீழே இழுக்கும் விசையும் கூடிவிடும், மோட்டாருக்குத்தான் சுமை. எல்லாச் சக்கரங்களையும் மோட்டார் இயக்கினாலும், 30 டிகிரி சரிவில் வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு (சக்கரத்துக்கும் தளத்துக்கும் இடையிலான பிடிமானத்தின் அளவு) குறைந்தது 0.58 வேண்டும், 45 டிகிரியில் 1 வேண்டும். இரண்டு சக்கரங்கள் மட்டுமே இயங்கினால், சும்மா உருளும் மற்ற இரண்டின் மேல் விழும் எடை பிடிமானத்துக்கு உதவாது. ரப்பரில் படிந்த தூசியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். பல நாள் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. ஆனால் அந்த மலையின் மேற்பகுதியில் குறுக்கே உலோகக் கம்பிகள் இருப்பதால், அங்கே உராய்வை மட்டும் நம்பாமல், கம்பியைப் பற்றி ஏறும் பற்கள் கொண்ட, டாங்கியில் இருப்பதுபோன்ற சுழல்பட்டையை அமைப்பது நல்லது.

கவிழ்வது வேறு கணக்கு. ரோபோவின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியான ஈர்ப்பு மையம் தளத்திலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், பின்சக்கரம் தளத்தைத் தொடும் இடத்துக்கு 15 செ.மீ. முன்னாலும் இருந்தால், அசையாமல் நிற்கும் ரோபோ ஏறத்தாழ 37 டிகிரி சரிவு வரை கவிழாது. கை உயர்ந்து அந்த மையம் 30 செ.மீ.க்கு ஏறினால் வரம்பு 27 டிகிரிக்குக் குறைந்துவிடும். கை பின்னோக்கி நீண்டால் இன்னும் மோசம். ஆகவே பேட்டரியை முன்பக்கம், அடித்தட்டிலேயே வையுங்கள். அந்த ஆட்டத்தின் விதிப்படி தொடக்கத்தில் மட்டும் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கினால் போதும் என்பதால், ஆட்டம் தொடங்கிய பின் பின்பக்கம் விரியும் சிறு தாங்குகாலையும் சேர்க்கலாம்.

உச்சிப் பெட்டியில் விழும் கட்டைக்கு 15 புள்ளி, நடுப்பெட்டியில் 10. ஐந்து புள்ளிக்காகக் கவிழும் ரோபோவைவிட, நடுவில் நின்று தவறாமல் போடும் ரோபோவையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு முன், ரோபோவைக் கையை உயர்த்திய நிலையில் ஒரு பலகைமேல் நிறுத்தி, சக்கரங்கள் உருளாமல் பூட்டி, பலகையின் முன்பக்க முனையை மெல்லத் தூக்குங்கள். இன்னொருவர் பின்னால் கை வைத்துக் காத்திருக்கட்டும். முதலில் வழுக்குகிறதா, கவிழ்கிறதா என்று பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், எந்தக் குறையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.