கேள்வி பதில்: பிரிட்டனில் கட்சித் தலைவரைத் தேர்வது எம்.பி.க்களா, கட்சி உறுப்பினர்களா?

கேள்வி: 172 எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தும் லேபர் கட்சித் தலைவர் கோர்பின் எப்படித் தப்பினார்?

பதில்: 2016 ஜூனில் நடந்த அந்த நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு 172-40. ஆனால் லேபர் கட்சி விதியில் அதற்கு மதிப்பே இல்லை. தலைவரை இறக்க ஒரே வழி, எதிரே ஒருவரை நிறுத்துவது. அதற்கு எம்.பி.க்களும் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து 20 சதவீதம், அன்றைய கணக்கில் 51 பேர், கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் சிக்கல் கிளம்பியது: பதவியில் இருப்பவருக்கும் அந்த 51 தேவையா? தேவை என்றிருந்தால் கோர்பின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறியிருப்பதே சந்தேகம். செயற்குழு 18-14 என்று ‘தேவையில்லை’ என முடிவெடுத்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. என் கணக்கில் தேர்தல் அன்றே முடிந்துவிட்டது. செப்டம்பரில் உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் தந்த 61.8 சதவீதம் எதிர்பார்த்ததுதான்.

கேள்வி: எம்.பி.க்களுக்குப் பிடிக்காத கோர்பின் 2015 தலைவர் தேர்தலில் களத்துக்கே எப்படி வந்தார்?

பதில்: தேவை 35 கையெழுத்து, கிடைத்தது 36. அதில் பலர் ‘விவாதம் நடக்கட்டுமே’ என்று இரவல் கொடுத்தவர்கள். நீங்கள் வாக்களிக்க விரும்பாதவருக்குக் கையெழுத்தும் போடாதீர்கள்.

கேள்வி: தலைவரை நீக்க எத்தனை கடிதம் வேண்டும்?

பதில்: எந்தக் கட்சி? எம்.பி.க்கள் நம்பிக்கையில்லாக் கடிதம் தருவது கன்சர்வேடிவ் கட்சியில் மட்டும். 2022-ல் கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதம், அதாவது 54. அது வாக்கெடுப்பைத் தொடங்கத்தான். நீக்கப் பெரும்பான்மை வேண்டும். அன்றைய பிரதமர் ஜான்சன் 211-148 என்று தப்பினார்.

கேள்வி: 2022-ல் ட்ரஸ் எம்.பி.க்களிடம் தோற்றும் கன்சர்வேடிவ் தலைவரானது எப்படி?

பதில்: தோற்கவில்லை, இரண்டாவதாக வந்தார். அங்கே எம்.பி.க்கள் இருவர் மிஞ்சும்வரை வடிகட்டுவார்கள். அந்த இருவரில் ஒருவரை உறுப்பினர்கள் எடுப்பார்கள். கடைசிச் சுற்றில் சுனக் 137, ட்ரஸ் 113, மோர்டான்ட் 105. உறுப்பினர்களிடம் ட்ரஸ் 57.4 சதவீதம். எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் ஆட்சியில் அமர்ந்தார். ஏழு வாரம் தாங்கியது.

இந்த வடிகட்டலில்தான் ஆட்கள் சூடுபட்டுக்கொள்வார்கள். அதே கட்சியின் 2024 தலைவர் தேர்தலைப் பாருங்கள்: கிளெவர்லி 39, ஜென்ரிக் 31, பேடனாக் 30, டூகன்ஹாட் 20. டூகன்ஹாட் வெளியேறினார். அந்த 20 எங்காவது போயாக வேண்டும். மறுநாள் கிளெவர்லிக்கு இரண்டு குறைந்து 37. பேடனாக் 42, ஜென்ரிக் 41. முன்னணியில் இருந்தவர் வெளியே! தமக்கு வசதியான எதிராளியைக் கொண்டுவர கிளெவர்லியின் ஆட்களே வாக்கை இரவல் கொடுத்தார்கள் என்ற பேச்சு உண்டு. ரகசிய வாக்கு, நிரூபிக்க வழியில்லை. கணக்கு மட்டும் பல்லைக் காட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் கடைசி வார்த்தையை எம்.பி.க்களிடமே விட்டுவிடலாமே?

பதில்: ஜப்பானின் லிபரல் டெமாக்ரடிக் கட்சி அப்படிச் செய்து பார்த்தது. 2012 முதல் சுற்றில் இஷிபா 199, அபே 141. இஷிபாவின் 199-ல் 165 உள்ளூர்க் கட்சியினருடையது. இரண்டாம் சுற்றில் எம்.பி.க்கள் மட்டும், அபே 108, இஷிபா 89. தொண்டர் கையில் விட்டால் எம்.பி. முறைப்பார், எம்.பி. கையில் விட்டால் தொண்டர்.

அதே கேள்வியாளர்: தொண்டர்தானே சந்தா கட்டுகிறார்?

பதில்: கட்டுகிறார். ஆனால் சபையில் அரசைக் காப்பாற்றக் கை தூக்குவது எம்.பி.தான். சந்தா ரசீதைக் காட்டி மசோதாவை நிறைவேற்ற முடியாது.

கேள்வி: கோர்பினை நீக்க எத்தனை கடிதம் தேவைப்பட்டது?

பதில்: மேலே பாருங்கள். எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: தலைவரைப் பிடிக்காமல் எம்.பி. கட்சி மாறினால் பதவி போகுமா?

பதில்: பிரிட்டனில் போகாது. மற்ற நாடுகளுக்குச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: உறுப்பினர் வாக்கையே தவிர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, போட்டியிடத் தேவையான எம்.பி. ஆதரவு எண்ணை ஏற்றினால் போதும். ட்ரஸ் விலகியபின் 2022 அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சியில் 100 எம்.பி.க்களின் ஆதரவு என்று வைத்தார்கள். சுமார் 357 எம்.பி.க்களில் மூவருக்கு மேல் தேற வழியில்லை. மோர்டான்ட் கடைசி நிமிடத்தில் விலகினார், சுனக் மட்டும் மிஞ்சினார். வாக்குச்சீட்டு அச்சாகவே இல்லை.