நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்குங்கள்

குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் மூளை, முதுகுத்தண்டு குறைபாடுகள் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மலையில் குழந்தை வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

என் முதல் குழந்தைக்கு மண்டை ஓடே வளரவில்லை என்று ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்தது. கலைக்க வேண்டியதாகிவிட்டது. நாலாம் மாதம் கிரகணத்தன்று நான் தேயிலை பறிக்கப் போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். அடுத்ததும் அப்படி ஆகுமா? (கோத்தகிரி)

கிரகணம் காரணமே இல்லை அம்மா. கரு உருவான முதல் 28 நாளுக்குள், தட்டையாக இருக்கும் ஒரு பட்டை சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. அதுதான் பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. மேல் முனை மூடாமல் போனால் மண்டை ஓடு வளராது, கீழே மூடாமல் போனால் முதுகில் திறப்போ கட்டியோ வரும். அந்த 28 நாள் முடியும்போது உங்களுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நாலாம் மாதம் நீங்கள் எங்கே நின்றிருந்தாலும் இதில் எதுவும் மாறியிருக்காது. மாமியாரையும் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் காதில் இது விழ வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு இது திரும்ப வரும் வாய்ப்பு நூற்றில் 2 முதல் 5 வரை. அதையும் வெகுவாகக் குறைக்கலாம். 1991-ல் வெளியான பிரிட்டன் தலைமையிலான பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே இப்படிக் குழந்தையை இழந்த பெண்களுக்கு தினமும் 4 மில்லிகிராம் போலிக் ஆசிட் என்ற பி வைட்டமின் கொடுத்தார்கள். குறைபாடு திரும்புவது 72 சதவீதம் குறைந்தது. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. டாக்டர் சீட்டோடு வாங்கி, கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே ஆரம்பித்து, மூன்றாம் மாதம் முடியும்வரை போடுங்கள். இந்தத் தடவை 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுங்கள். மண்டை ஓட்டுக் குறை அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நாங்கள் கீரை, அவரை எல்லாம் தோட்டத்திலிருந்தே சாப்பிடுகிறோம். மாத்திரை எதற்கு? (கூடலூர்)

கீரையை விடாதீர்கள். ஆனால் வேகவைக்கும்போது அதிலுள்ள போலிக் ஆசிட் சத்தில் நிறைய அழிந்தும், வடிக்கும் தண்ணீரோடும் போய்விடுகிறது. கருத்தரிக்க வாய்ப்புள்ள எல்லாப் பெண்களுக்கும் தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் ஆசிட் மாத்திரை வேண்டும். ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி கிடைத்தாலும், அதில் ஒரு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் போலிக் ஆசிட் இருக்கிறது. அது மட்டும் போதாது. அப்புறம், அந்த அரிசியில் சற்று நிறம் மாறித் தெரியும் மணிகளை பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். சத்து இருப்பதே அந்த மணிகளில்தான்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. (கொடைக்கானல்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. ஆனால் வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 1, 2 பேருக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு வருகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் அது பாதிக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. மாற்றிப் பழகச் சில மாதம் பிடிக்கும்.

தங்கைக்குப் பிறந்த குழந்தையின் முதுகில் கட்டி மாதிரி ஒன்று இருக்கிறது, மேலே தோல் இல்லை. கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் என்ன செய்வது? (உதகை)

முதலில் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வையுங்கள், மல்லாக்க வேண்டாம். கட்டியின் மேல், சலைனில் நனைத்த சுத்தமான காஸ் துணியை நர்ஸ் வைத்து, அது உலராமல் மேலே பிளாஸ்டிக் உறை போடுவார். அழுத்தக் கூடாது. மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் கூடாது. மூளைவரை கிருமி போகும் வழி அங்கே திறந்து கிடக்கிறது. தொப்பி போட்டு, தாயின் மார்போடு ஒட்டிக் குப்புறப் படுக்க வைத்தால் நம் குளிருக்கு அதுவே நல்ல சூடு. லேடெக்ஸ் கையுறை வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்தக் குழந்தைகளுக்கு ரப்பர் அலர்ஜி எளிதில் வரும்.

பெரும்பாலும் 2, 3 நாளுக்குள் அறுவை சிகிச்சை நடக்கும். காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள். அதன்பின் தலைச்சுற்றளவை அளந்துகொண்டே வர வேண்டும். தலையில் நீர் சேர்ந்தால், அதை வயிற்றுக்குள் வடிக்க ஒரு குழாய் வைப்பார்கள். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் போகலாம். தினமும் சில தடவை மெல்லிய குழாய் போட்டு எடுக்கத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள், சிறுநீரகத்தைக் காப்பது அதுதான். குழந்தை எவ்வளவு நடக்கும் என்பது, கட்டி முதுகில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தக் குழந்தைகளில் பலர் படிப்பில் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

இரண்டு மாதக் குழந்தையின் பிட்டப் பிளவுக்கு மேலே சின்னக் குழி இருக்கிறது. பயமா? (பண்ணைக்காடு)

5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக, மலவாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள், சாதாரணத் தோலோடு இருந்தால் பயமில்லை. அதைவிட மேலே இருந்தாலோ, மயிர்க் கொத்து, சிவப்புத் தழும்பு, கசிவு இருந்தாலோ உள்ளே தண்டுவடக் குறை இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். எலும்பு கெட்டிப்படும் முன் அல்ட்ராசவுண்டிலேயே தண்டுவடம் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.